புகார் இல்லாத பல்செட்

என் மாமனாரைப் பற்றி, வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர் என்று தெருவே சொல்லும். தெரு சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னது. அதைச் சோதனை செய்து, எடை போட்டுக் காட்டியவள் நான்.

பல் மருத்துவமனையில் எனக்கு வேலை. பல்லைப் பிடுங்கும் இடத்திலும் இல்லை, பல்லைக் கட்டும் இடத்திலும் இல்லை. கட்டிய பல்லால் மெல்ல முடிகிறதா என்று அளந்து பார்க்கும் இடத்தில். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை அது. முன்பு அங்கே துடைப்பமும் வாளியும் வைத்திருந்தார்கள், இப்போது என்னை வைத்திருக்கிறார்கள். ஒரு மேஜை, கழுவு தொட்டி, சல்லடை, தராசு, ஈரத்தை உலர்த்த ஒரு சின்ன அடுப்பு, மூலையில் கம்ப்யூட்டர். பல்செட் போட்டவர் வந்து உட்கார்ந்ததும் எடை போட்ட வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வேன். இருபது தடவை மெல்ல வேண்டும், விழுங்கக் கூடாது, அப்படியே கோப்பையில் துப்ப வேண்டும். வாய் கொப்பளித்த தண்ணீரும் அதே கோப்பைக்குத்தான். அதைச் சல்லடையில் ஊற்றிக் கழுவி, மேலே தங்கியதை உலர்த்தி எடை போடுவேன். எவ்வளவு தூளாகிக் கீழே இறங்கியதோ அவ்வளவு நல்ல பல்செட் என்று கணக்கு.

அதோடு சூயிங்கம் சோதனையும் உண்டு. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ரோஸ். மென்று கொடுத்ததைத் தட்டையாக அழுத்திப் படம் எடுத்தால், இரண்டு நிறமும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். சொந்தக்காரர்கள் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ஆராய்ச்சிப் பிரிவு என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஊரார் துப்பியதைக் கழுவி எடை போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அதற்கப்புறம் உங்கள் கையால் ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

சோதனைக்கு முன்னால் சில கேள்விகள் கேட்கவேண்டும். கேரட் மெல்ல முடிகிறதா? ஆப்பிள்? இறைச்சி? ரொட்டியின் ஓரம்? சுலபம், கஷ்டம், முடியவே முடியாது, இந்த மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக நான் பார்ப்பது, வாய் சொல்வதும் சல்லடை சொல்வதும் ஒத்துப்போவதே அபூர்வம். இந்தப் பல்லை வைத்துக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை என்று மூக்கைச் சிந்துகிற அம்மாள் கடலையை மாவாக அரைத்துத் துப்புவார். இரும்பைக் கொடு மென்று காட்டுகிறேன் என்று மார்தட்டுகிறவர் துப்பியதைத் திரும்ப டப்பாவில் போட்டு விற்கலாம்.

மாமா இரண்டாவது ரகம். ஆனால் மார்தட்டுவதெல்லாம் கிடையாது. அவருக்கு எதிலும் குறை தெரியாது, அவ்வளவுதான். அதற்குக் காரணம் அவர் பார்த்த உத்தியோகம்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்து தலை நரைத்தவர் அவர். குழாயில் காற்று வருகிறது, தண்ணீரில் புழு வருகிறது, தண்ணீர் வராமல் பில் மட்டும் வருகிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே வரிசையில் நின்று அவர் முகத்தில் கத்தும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு "சொல்லுங்க" என்பார். எப்போதிலிருந்து, என்ன குறை என்று இரண்டு கேள்வி கேட்பார். பொறுமையாக எழுதிக்கொண்டு, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிவிடுகிறோம் என்பார். சொன்னபடி அனுப்பியும் விடுவார். அனுப்பிய புகார் என்ன கதியாகும் என்பது அவருக்குத் தெரியும், கத்தியவருக்குத்தான் தெரியாது. தொண்டை வற்றக் கத்திவிட்டு வீட்டுக்குப் போய் அதே புழுத் தண்ணீரைக் குடிக்கிற ஜனங்களைப் பார்த்துப் பார்த்து, குறை சொல்வது என்பது ஒரு வியாதி, அது மற்றவர்களுக்கு வருவது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். வேலை பார்த்த காலமெல்லாம் யாரிடமும் கோபப்பட்டதில்லை. எந்தக் குழாயும் அவரால் சரியானதும் இல்லை. அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'பரவாயில்லை'. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சுவர்க்கடிகாரம் ஓடவில்லை. அதற்கும் அவர் அதையேதான் சொன்னாராம்.

வீட்டிலும் இதே கதைதான். காபி ஆறிப்போயிருந்தால் பரவாயில்லை. சட்டையில் பித்தான் இல்லையென்றால் பரவாயில்லை. மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றால், இந்தப் புழுக்கத்துக்கு இது பரவாயில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இப்படி ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எனக்குப் பெரிய சோதனை. பாத்திரத்தை நங்கென்று வைத்தால் திரும்பிப் பார்க்கவாவது ஆள் வேண்டாமா? என் வீட்டுக்காரரையாவது சண்டைக்கு இழுக்கலாம் என்றால், அவரும் மாமாவுக்குப் பிறந்த பிள்ளை.

அத்தைக்கு மட்டும் இதில் ஏகப்பட்ட பெருமை. அத்தை சமையலில் கெட்டிக்காரர். அடுப்படியில் என்னை வெங்காயம் உரிப்பதற்கு மேல் விடமாட்டார். மாமா சாப்பிட்டு எழுந்தால் தட்டு கழுவி வைத்த மாதிரி இருக்கும். எப்படி இருந்தது என்று அத்தை கேட்பார், நன்றாக இருந்தது என்று அவர் சொல்வார். எங்க வீட்டுக்காரர் என் சாப்பாட்டில் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்லை என்று அத்தை பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லும்போது, அந்தப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களை நினைத்துப் பெருமூச்சு விடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன் மாமாவுக்கு மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டினார்கள். எங்கள் மருத்துவமனையில்தான். பல்செட் பிரிவுத் தலைவர், நாங்கள் பெரிய டாக்டர் என்று சொல்பவர், பல்செட் கட்டியவர்களின் திருப்தியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். மெல்லும் சோதனையெல்லாம் அப்போது வரவில்லை, கேள்விகள் மட்டும்தான். மற்ற எல்லோரும் இங்கே குத்துகிறது, அங்கே ஆடுகிறது என்று ஐந்தாறு தடவை வந்து டாக்டரின் உயிரை வாங்கி, ராவி, தேய்த்து, அளவு பார்த்துப் போனார்கள். மாமா ஒரே தடவையில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். பெரிய டாக்டர் நெகிழ்ந்துபோனார். மாமா பல்செட்டோடு சிரிக்கிற படத்தை, வெளியூர்க் கூட்டங்களில் காட்டும் படங்களில் முதலாவதாகச் சேர்த்துக்கொண்டார். ஆதர்ச நோயாளி என்று மாணவர்களுக்குச் சொல்வாராம்.

அதற்கப்புறம் மாமா மெல்ல மெல்ல இளைத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கேட்டால் வாயு என்பார். வயிற்று டாக்டரிடம் கூட்டிப்போய் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, வயசுதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமாவின் கை பாதியில் நின்றது. முகம் சிவந்து, பிறகு கருத்தது. சத்தமே வரவில்லை. அப்போதும் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு கையை ஆட்டினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் வீட்டுக்காரர் பாய்ந்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தார். ஓர் இறைச்சித் துண்டு தட்டில் வந்து விழுந்தது. மாமா மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, பரவாயில்லை என்றார்.

அவசரமாகச் சாப்பிட்டால் இப்படித்தான் என்று அத்தை அவரைக் கடிந்துகொண்டே தலையில் தட்டினார். நான் அந்தத் துண்டைப் பார்த்தேன். என் தொழில் அது, என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. கத்தி வெட்டிய ஓரம் நான்கு பக்கமும் அப்படியே இருந்தது. பல் பட்ட அடையாளமே இல்லை. இந்த மனிதர் மெல்லுவதே இல்லை. தட்டில் விழுவதை நான்கு வருஷமாக அப்படியே விழுங்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை அடைக்கும்போது முதுகில் அறைய ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் எரிச்சலூட்டுகிறார் என்பது வேறு விஷயம்.

மறுநாளே மாமாவை என் அறைக்குக் கூட்டிப்போனேன். கேள்விகளைக் கேட்டேன். கேரட் சுலபம். ஆப்பிள் சுலபம். இறைச்சி? நேற்றுத்தான் செத்துப் பிழைத்தவர், என் கண்ணைப் பார்த்து, சுலபம் என்றார். அடுத்து சூயிங்கத்தைக் கொடுத்தேன். வாயில் போட்டார், தாடை இரண்டு தடவை அசைந்தது, நின்றுவிட்டது. கோப்பையை நீட்டினேன். அவர் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சூயிங்கம் எங்க மாமா?"

"உள்ள போயிடுச்சும்மா. பரவாயில்ல."

இந்த அறையில் எத்தனையோ பேர் மென்றிருக்கிறார்கள். அழுதுகொண்டே மென்றவர்கள் உண்டு, பல்செட்டையே சூயிங்கத்தோடு சேர்த்துத் துப்பியவர் உண்டு. சூயிங்கத்தை விழுங்கியவர் இவர் ஒருவர்தான். இரண்டாவதைக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல் மோவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது தடவை மென்று துப்பினார். நீலம் நீலமாகவும் ரோஸ் ரோஸாகவும், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரித் தனித்தனியாக இருந்தன. கம்ப்யூட்டர் கொடுத்த மதிப்பெண்ணை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

படத்தை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உடனே மாமாவை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறந்து பார்த்தார். கீழ் ஈறில் இடது பக்கம் புண் ஆறி, ஆறின இடத்திலேயே மறுபடி புண்ணாகித் தடித்துப்போயிருந்தது. இது வலிக்கவில்லையா என்று விரலால் அழுத்தினார். மாமாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது, வாய் இல்லை என்றது. நீலக் காகிதத்தைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடிக்கச் சொன்னார். எந்தப் பக்கம் முதலில் தட்டுகிறது, எது உயரமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சமமாக இருக்கிறது என்று மாமா சொன்னார். மேல் செட் மெல்லும்போது இறங்குகிறதா? இல்லை. எடுத்துவிட்டு வேறு கட்டலாமா? எதற்கு டாக்டர், இதுவே நன்றாக இருக்கிறது.

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"பல்லு யார் வாயில இருக்கோ அவர்தான்மா சொல்லணும். எங்க இடிக்குது, எங்க வலிக்குதுன்னு அவர் சொன்னாத்தான் நான் ராவ முடியும். நீ சொல்றத வச்சு ராவினா இருக்கிறதும் கெட்டுப்போகும். அவர் வாயால ஒரு குறை வரட்டும், மறுநாளே செஞ்சு தரேன்."

நியாயமான பேச்சு. ஆனால் யார் வாயிலிருந்து வரவேண்டும் என்கிறார்? நான் தலையில் அடித்துக்கொண்டு என் மாடிப்படி அறைக்குத் திரும்பினேன். உலகத்தில் எந்த மருந்துக்கும் கேட்காத வியாதி இது என்று தோன்றியது. டாக்டர் கேட்டது ஒரு குறை, ஒரே ஒரு குறை. ஊரின் மொத்தக் குறையையும் காது கொடுத்துக் கேட்ட மனிதரிடம் சொந்தமாக ஒன்றுகூடக் கையிருப்பு இல்லை.

அந்த வாரமே கடலைச் சோதனைக்கு அவரை மறுபடி வரச்சொன்னேன். எடையைக் காட்டினாலாவது ஒத்துக்கொள்வாரோ என்று ஒரு நப்பாசை. அத்தையும் துணைக்கு வந்தார். மாமா மென்று, துப்பி, கொப்பளித்து முடித்தார். இந்தத் தடவை அவர் விழுங்கிவிடாமல் நான் பக்கத்திலேயே நின்றேன். சல்லடையில் கழுவி மேஜைமேல் வைத்துவிட்டு, அடுப்பைச் சூடாக்கத் திரும்பினேன். மாமா முகம் துடைக்க வெளியே போயிருந்தார். அத்தை உள்ளே வந்தார். சும்மா நிற்க அவருக்குத் தெரியாது, எங்கே போனாலும் நாலு பாத்திரத்தை ஒழுங்குபடுத்தத்தான் கை போகும். சல்லடையைப் பார்த்தார்.

"கடலைய ஊற வச்சிருக்கியாம்மா? தண்ணி வடிஞ்சிடுச்சு. சோதனை எப்ப ஆரம்பிக்கும்?"

நான் சல்லடையை மறைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"அது மென்னது அத்தை."

"யாரு மென்னது?"

"மாமா."

அத்தை குனிந்து பார்த்தார். ஒரு பருப்பை விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டாகப் பிளந்திருந்தது, அவ்வளவுதான். அதுகூடத் தானாகப் பிளந்திருக்கும். இன்னொன்றை எடுத்தார். அது முழுசாகவே இருந்தது. அரிசியில் கல் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாக நகர்த்தினார். சல்லடைக்குக் கீழே வைத்திருந்த தட்டில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும், அந்தத் துண்டில் பல்லே படாததையும், வயிற்று வலிக்குக் காரணம் எதுவாக இருக்கும் என்பதையும், டாக்டர் கேட்பது ஒரே ஒரு வார்த்தைதான் என்பதையும் நான் சொன்னேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டார். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை, எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா சாப்பாட்டு மேஜையில் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். தட்டில் ரொட்டியும் வேகவைத்த பீன்ஸும் இருந்தன. அவர் சாப்பிடும்போது அத்தை பக்கத்தில் நின்று பரிமாறுவாரே தவிர உட்கார்ந்ததில்லை. அன்று நாற்காலியை இழுத்து நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மாமா பீன்ஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனதும், அத்தை அவர் கையைப் பிடித்துத் தட்டில் இறக்கினார்.

"எனக்கு ஒரு புகார் இருக்கு" என்றார்.

எத்தனை வருஷப் பழக்கம். மாமாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றார். கட்டின மனைவியைப் பார்த்து, வரிசையில் நிற்கும் அன்னியரிடம் பேசுவதுபோல். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை.

"எப்பலேருந்து?" என்றார் மாமா.

"இந்தப் பல்லு வந்ததுலேருந்து."

"என்ன குறை?"

அத்தை தட்டில் இருந்த பீன்ஸைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்.

"நாலு வருஷமா நீங்க எதையும் மெல்லவே இல்ல. ருசியே தெரியாம எல்லாத்தையும் முழுங்கியிருக்கீங்க. நான் கேட்டப்பல்லாம் நல்லாருக்குன்னு சொன்னீங்க. அப்ப இத்தன நாளா நான் யாருக்குச் சமைச்சேன்?"

சம்பந்தப்பட்ட பிரிவுக்கு என்று மாமா ஆரம்பித்தார். ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது. அந்தப் புகாரை அனுப்ப வேறு பிரிவு கிடையாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட முடியாத புகார் ஒன்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் வந்திருந்தது. மேஜைக்கு இரண்டு பக்கமும் பார்த்தார். என்னைக்கூடப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய் அவருக்கு மட்டும் கஞ்சி காய்ச்சினார். வடிகட்டி, ஆற்றி, டம்ளரில் ஊற்றி வைத்தார். மாமா குடித்தார். எப்படி இருந்தது என்று அத்தை கேட்கவில்லை. கேட்பார் என்று மாமா காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் இந்த வீட்டில் வாயைத் திறக்கவேண்டிய ஆள் நான் இல்லை என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் நான் வேலைக்குப் போனபோது பல்செட் பிரிவு வாசலில் மாமா எனக்கு முன்னால் வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் சொல்லாமல், பஸ் பிடித்து. அவர் முறை வந்ததும் நானும் பின்னால் நுழைந்து கதவோரம் நின்றேன். என்ன விஷயம் என்று பெரிய டாக்டர் கேட்டார். மாமாவுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. லட்சம் புகாரைக் கேட்டவருக்கு ஒரு புகாரைச் சொல்லத் தெரியவில்லை. கையைப் பிசைந்தார், தொண்டையைக் கனைத்தார். கடைசியில், தன் கவுண்டருக்கு வந்து நின்றவர்கள் எப்படிப் பேசுவார்களோ அந்த மாதிரியே குனிந்து, கும்பிட்டு ஆரம்பித்தார்.

"சார், நீங்க ரொம்ப வேலையா இருப்பீங்க. தொந்தரவுக்கு மன்னிக்கணும். எத்தன தடவ சொல்றதுன்னு கேட்டுராதீங்க, இதுதான் முதல் தடவ. என்னால மெல்ல முடியல சார். கடிச்சா கீழ இடது பக்கம் உயிர் போகுது."

சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. இடி ஒன்றும் விழவில்லை என்று தெரிந்ததும், அடுத்ததைச் சொன்னார். மேல் செட் மெல்லும்போது நழுவுகிறது. பேசும்போது நாக்கு இடிக்கிறது. ஆப்பிள் கடித்து நான்கு வருஷமாகிறது. பிறகு அணை உடைந்துவிட்டது. நாற்காலி தலைப்பக்கம் ரொம்பச் சாய்கிறது, வாய் கொப்பளிக்கிற தொட்டி எட்டவில்லை, வெளியே காத்திருக்கும் இடத்தில் மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுற்றுகிறது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று எழுதிய பலகை கழிப்பறைக்குள்ளேயே மாட்டியிருக்கிறது. பெரிய டாக்டர் முகத்தில் இருந்த வேதனையை நான் பார்த்தேன். பெற்ற பிள்ளை கெட்ட சகவாசத்தில் விழுந்ததைப் பார்க்கிற தகப்பன் முகம் அது.

ஆனால் சொன்ன சொல் தவறாமல் செய்தார். நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்லி, மாமா இங்கே, இல்லை, கொஞ்சம் உள்ளே, அங்கேதான் என்று சொல்லச் சொல்ல ராவினார். கீழ் செட்டுக்கு உள்பக்கம் புதிதாக அளவு எடுத்துக் கட்டினார்கள். மேல் செட்டையும் மாற்றினார்கள். புண் ஆறும்வரை பல்லைக் கழற்றி வைத்து, கஞ்சியும் சூப்புமாகக் கழிந்தது. அந்த நாட்களில் அத்தை மாமாவிடம் பேசாமல் இல்லை. பால்காரன் வரவில்லை, கரண்ட் போய்விட்டது என்று எல்லாம் பேசினார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. அடுப்படியில் என்னைக் காய் நறுக்க விட்டார். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. அத்தைக்குச் சமையல் விட்டுப்போய்விட்டது. உப்பைப் போட்டோமா என்று என்னைக் கேட்டார். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எல்லாம் முடிந்து மாமாவை மறுபடி என் அறையில் உட்கார வைத்தேன். சூயிங்கத்தைக் கொடுத்தபோது அவரே, முழுங்கக் கூடாது இல்லையா என்று கேட்டுக்கொண்டார். நீலமும் ரோஸும் கலந்து, எது எது என்று தெரியாத ஊதா நிறத்தில் துப்பினார். கடலையில் முக்கால்வாசி சல்லடைக்குக் கீழே இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரார் துப்பியதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுகிற வேலை வேறு யாருக்குக் கிடைக்கும்?

பிறகு கேள்விகள். கேரட்? மெல்லிசாக நறுக்கினால் சுலபம், கனமாக இருந்தால் கஷ்டம், அதுவும் வலது பக்கம் மட்டும். ஆப்பிள்? தோல் சீவினால்தான். இறைச்சி? எந்த இறைச்சி, எந்தப் பாகம் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். போன தடவை எல்லாவற்றுக்கும் சுலபம் என்றவர் இப்போது பாதிக்குமேல் கஷ்டம் என்றார். ஆக, மெல்லும் சக்தி பூஜ்யத்திலிருந்து முக்கால்வாசிக்கு ஏறி, திருப்தி பாதியாக இறங்கிவிட்டது. பெரிய டாக்டரின் ஆராய்ச்சி திருப்தியைப் பற்றியது. அவர் கணக்கில், மெல்லவே முடியாமல் மூச்சடைத்துச் சாகக் கிடந்த மாமா வெற்றி, நன்றாக மென்று சாப்பிடுகிற மாமா தோல்வி. நல்ல மனிதர் ஒருவரை நாம் எல்லோரும் சேர்ந்து கெடுத்துவிட்டோம் என்று என்னிடம் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். மாமா சிரிக்கிற படத்தை எடுத்துவிட்டு வேறு ஒருவரின் படத்தைப் போட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் வீட்டில் இறைச்சி, கேரட், ரொட்டி. அத்தை பரிமாறிவிட்டு அடுப்படிக்குத் திரும்பப் போனவர், என்ன நினைத்தாரோ, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மாமா ஒரு துண்டை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தது கேரட். அதையும் மென்றார். பிறகு கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நல்லா இல்ல" என்றார்.

இப்போதுதானா இவருக்கு வாய் வரவேண்டும்? என் வீட்டுக்காரர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். அத்தை அசையவில்லை.

"கேரட்ட ஏன் இப்படிக் குழைய வேக வைக்கிற? முன்னல்லாம் பாதி வேக்காட்டுல இறக்கிடுவ. கடிச்சா இனிக்கும். இறைச்சிக்கு மிளகு போதல. முன்ன நீ மிளகை அப்பவே இடிச்சுப் போடுவ, தூள் வாங்கிப் போடமாட்ட. அடியில லேசா முறுகவிட்டு, அதச் சுரண்டி எடுத்துக் கடைசியில எனக்கு வைப்ப. இப்ப ஏன் வைக்கிறதில்ல?"

அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை. எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் கல் மாதிரி இருந்துவிட்டு, அவருக்காகவே எல்லாவற்றையும் பஞ்சாக வேகவைத்துப் போட்டவரை இப்படியா ஒரேயடியாகப் பேசுவது? போதும் மாமா, நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே எழுந்து அத்தையின் தோளைப் பிடித்தேன். அத்தை என் கையை எடுத்துவிட்டார். மாமாவுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ சும்மா இரும்மா. அவரு இன்னும் முடிக்கல."